இரவற் செவி

(கொம்பனித்தெருவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயந்திரங்களுக்குக் கற்பிக்கும் சாஸ்திரத்திலே, ஒரு பணியிற் பெற்ற அறிவைத் துணைக்கொண்டு, அதனோடு உறவுடைய வேறொரு பணியின் தரவுகளைச் சுருக்கிக்கொள்ளும் உபாயம் ஒன்று உண்டு. தரவின் பரிமாணங்களைக் குறைத்தல் அதன் ஒரு பாதி; ட்ரான்ஸ்ஃபர் லேர்னிங் என்று மாணவர்கள் தம் பேச்சிற் குறிப்பிடும் அறிவு மாற்றம் அதன் மறு பாதி. இவ்விரண்டும் கூடுமிடத்தைப் பற்றிப் பேசவந்த நான், சூத்திரங்களை அடுக்கிக்காட்டுவதிலும் பார்க்க, நமக்கு மிக அண்மையில் நடந்த ஓர் ஆய்வை எடுத்து, அது நம் மொழிக்கு எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று விசாரிப்பதே பிரயோசனமாகும் எனக் கருதினேன். காலி வீதி வழியே வெள்ளவத்தையையும் தெகிவளையையும் கல்கிசையையும் இரத்மலானையையும் கடந்து சென்றால் எட்டிவிடக்கூடிய கட்டுபெத்தையிலே, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. ஆங்கிலத்தின் செவியை இரவல் வாங்கிச் சிங்களத்தையும் தமிழையும் கேட்ட ஆய்வு என்று அதனைச் சொல்லலாம்.

முதலிலே பரிமாணம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, என்ர கணக்கில எவ்வளவு காசு கிடக்கு?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருப்பது மனிதச் செவியானால், அவர் கேட்பது கணக்கின் மீதி என்பதைத் தவிர வேறெதையும் அது மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதில்லை. இயந்திரத்தின் நிலை அப்படியன்று. பேச்சு ஆய்வுகளில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவின்படி, ஒலியின் வீச்சு விநாடிக்கு 16,000 தடவை அளக்கப்பட்டு 16,000 எண்களாக வந்து சேர்கின்றது. நாலரை விநாடி நீளமுள்ள ஒரு வாக்கியம் 72,000 எண்களாகின்றது. ஒவ்வோர் எண்ணும் ஒரு பரிமாணம் என்று கணிதம் கொள்வதால், அந்தப் பெரியவரின் எளிய கேள்வி 72,000 பரிமாணங்களையுடைய ஒரு வெளியிலே தனித்து நிற்கும் ஒரு புள்ளியாகிவிடுகின்றது. அத்தகைய வெளியில் ஏற்படும் இடர்ப்பாட்டை அமெரிக்கக் கணிதவியலாளர் றிச்சட் பெல்மன் 1957 இல் வெளியிட்ட நூலிலே பரிமாணத்தின் சாபம் என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. பரிமாணம் பெருகப் பெருக வெளி விரிந்துகொண்டே போகும். நம்மிடமுள்ள புள்ளிகளோ அதில் எங்கோ ஒன்றாய் அரிதாகிவிடும். எதற்கு எது அண்மை, எதற்கு எது சேய்மை என்ற பேதம் மங்கி, எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்பனவாகத் தோன்றும். அண்மை தெரியாத இடத்திலே ஒப்புமை தெரியாது. ஒப்புமை தெரியாத இடத்திலே கற்றல் நிகழாது.

இனி மொறட்டுவை ஆய்வாளர் கையில் இருந்த பொருளைப் பாருங்கள். யொஹான் கருணாநாயக்க, உதயசங்கர் தயாசிவம், சுரங்கிகா ரணதுங்க ஆகிய மூவரும், 2019 ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் கூடிய கணினி மொழியியல் மகாநாட்டின் மாணவர் ஆய்வரங்கில் அளித்த கட்டுரையிலே, வங்கி வாடிக்கையாளர் தம் வாய்க்கு வந்தபடி பேசும் வாக்கியத்தைக் கேட்டு, அது ஆறு நோக்கங்களுள் எதைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கும் முறை ஒன்றை விளக்கினர். மீதியை அறிதல், பணம் வைப்பிலிடுதல், பணம் எடுத்தல், பணத்தை வேறொருவருக்கு அனுப்புதல், கட்டணம் செலுத்துதல், கடனட்டைக்குச் செலுத்துதல் என்பன அந்த ஆறு. சிங்களத்திலே அவர்களிடம் ஏறத்தாழ 10 மணி நேர ஒலிப்பதிவு இருந்தது. தமிழில் இருந்தது அரை மணி நேரம். அதாவது 400 கூற்றுகள். ஆங்கிலத்திலே இத்தகைய இயந்திரங்களை உருவாக்குவோர் ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கொண்டு தொடங்குகிறார்கள் என்பதை நினைவிற் கொண்டால், 72,000 பரிமாண வெளியிலே 400 புள்ளிகளை வைத்துக்கொண்டு நின்றவர்களின் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

ஆகவே சுருக்கியே ஆகவேண்டும். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? இக்கேள்வி கணினிக்கும் முந்தியது. லண்டனிலே கார்ள் பியர்சன் 1901 இலும், அமெரிக்காவிலே ஹரல்ட் ஹொட்டலிங் 1933 இலும் வகுத்துத் தந்த முறை, தரவு எந்தத் திசையில் மிக அதிகமாகச் சிதறிக் கிடக்கின்றதோ அந்தத் திசையை முதலாவதாகவும், அதற்கடுத்த சிதறலையுடைய திசையை இரண்டாவதாகவும் எடுத்துக்கொண்டு, சிதறல் சொற்பமாகவுள்ள திசைகளை விட்டுவிடச் சொல்லுகின்றது. அழகிய முறை, எத்தனையோ துறைகளிற் பயன்பட்டு வருவது. ஆயினும் அதனை நமது 400 கூற்றுகளுக்குப் பிரயோகித்தால் என்ன நேரும் என்று சிந்தியுங்கள். அக்குரல்களுக்கிடையே மிகப் பெரிய வேறுபாடு எதிலே இருக்கும்? பேசுபவர் ஆணா பெண்ணா என்பதில் இருக்கும். உரத்துப் பேசினாரா, அயலவருக்குக் கேளாதபடி தணிந்து பேசினாரா என்பதில் இருக்கும். பின்னணியில் மின்விசிறி சுழன்றதா, காலி வீதிப் பேருந்து ஹோர்ன் அடித்ததா என்பதில் இருக்கும். பணம் வைக்க வந்தாரா எடுக்க வந்தாரா என்ற வேறுபாடு, ஒலியளவிற் பார்த்தால், மிகச் சிறியது. பெரிய சிதறலைப் பேணிச் சிறிய சிதறலைத் தள்ளும் முறை, நாம் வேண்டாததைப் பேணி வேண்டியதைத் தள்ளிவிடும்.

இக்குறையை நீக்கும் வழியை றொனால்ட் ஃபிஷர் 1936 இலே காட்டினார். மூன்று இனங்களைச் சேர்ந்த 150 ஐரிஸ் மலர்களிலிருந்து பெறப்பட்ட நான்கு அளவுகளை எடுத்துக்கொண்டு, இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தெளிவாகப் பிரிக்கும் திசை எது என்று அவர் கேட்டார். எந்த மலர் எந்த இனம் என்ற பெயர்ச்சீட்டு முன்கூட்டியே இருந்தமையால் அவருக்கு அது சாத்தியமாயிற்று. நான்கே அளவுகள் இருந்தமையால் 150 மலர்களும் போதியனவாயின. பேச்சிலே அந்த வசதி இல்லை. ஒலியலையை மனிதச் செவியின் இயல்பையொட்டிச் சுருக்கும் வழக்கமான முறையிலே, விநாடியின் ஐம்பதில் ஒரு கூறுக்கு 26 எண்கள் கிடைக்கின்றன. அதற்கு முன்னுள்ள 9 கூறுகளையும் பின்னுள்ள 9 கூறுகளையும் சேர்த்துப் பார்த்தால் 19 கூறுகளுக்கு 494 எண்கள். இந்த 494 எண்களும் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து மாறுகின்றன என்பதை மட்டும் கணிப்பதற்கே 1,22,265 கெழுக்களை மதிப்பிட வேண்டியிருக்கும். அரை மணி நேரத் தமிழ்ப் பேச்சிலிருந்து அவ்வளவையும் நம்பிக்கையோடு மதிப்பிடுதல் நடவாத காரியம்.

நம்முடைய தரவு போதவில்லையாயின் பிறருடைய தரவு உதவுமா என்ற கேள்வி இங்கே எழுகின்றது. பெய்ஜிங் நகரத்துச் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செங் வாங், யாங்சியூ சொங், சாங்சுயி சாங் ஆகியோர் 2008 இலே இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். இன்னார் முகம் என்று பெயரிடப்பட்ட படங்கள் ஒருபுறம் இருக்க, பெயரிடப்படாத வேறு சிலரின் முகப்படங்கள் மறுபுறம் இருக்கும்போது, முதற்றொகுதியிலே ஆளையும் ஆளையும் வேறுபடுத்தக் கற்ற அறிவு, இரண்டாம் தொகுதியைச் சுருக்குவதற்கு வழிகாட்டும் என்பது அவர்களின் கருத்து. மக்கள் வேறாயினும் முகம் என்ற பொருள் ஒன்று. வெளிச்சத்தால் வரும் மாற்றம் எது, ஆள் மாறுவதால் வரும் மாற்றம் எது என்பது ஒரு தொகுதியிற் படித்தால் மற்றத் தொகுதிக்கும் செல்லும். அதே ஆண்டிலே ஹொங்கொங்கில் சின்னோ ஜியாலின் பான், ஜேம்ஸ் குவொக், சியாங் யாங் ஆகியோர், இரு துறைகளின் தரவுகளும் ஒன்றையொன்று ஒத்துக் காணப்படும் பொதுவான சிறு வெளியொன்றைத் தேடும் முறையை வெளியிட்டார்கள். இவற்றின் கணித நுட்பங்களுக்குள் நான் இப்பொழுது புகவில்லை. சுருக்குதல் என்ற காரியத்திற்கு ஒரு நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்தை உறவுடைய இன்னொரு பணியிடமிருந்து பெறலாம் என்ற ஒரு கருத்தை மாத்திரம் நாம் எடுத்துக்கொண்டாற் போதும்.

மொறட்டுவை ஆய்வாளர் செய்தது இதுவே. மொசில்லா நிறுவனம் எவரும் பயன்படுத்துமாறு இலவசமாக வெளியிட்ட டீப்ஸ்பீச் என்னும் ஆங்கிலப் பேச்சுணரியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பேச்சைக் கேட்டு ஆங்கில எழுத்தாக எழுதுவதற்குப் பழக்கப்பட்ட இயந்திரம் அது. தமிழில் ஒரு சொல்லேனும் அறியாதது. ஒவ்வொரு சிறு கூறையும் கேட்டவுடன், ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், சொல்லிடைவெளி, அபொஸ்ட்ரபி என்னும் மேற்கொம்பு, எழுத்தொன்றுமின்மை என்ற 29 இல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நிகழ்தகவு உண்டு என்று அது கூறும். தமிழ் வாக்கியத்தை அதனுள் செலுத்தினாலும் அது தயங்காமல் அந்த 29 எண்களைத் தரும். 494 எண்களாக உள்ளே சென்றது 29 எண்களாக வெளியே வருகின்றது. இடையிலே குரலின் உரப்பும், ஆண் பெண் வேறுபாடும், பின்னணி இரைச்சலும் பெரும்பாலும் உதிர்ந்துபோகின்றன, ஏனெனில் ஆங்கிலத்தை எழுதுவதற்கு அவை எவையும் அதற்குத் தேவைப்படவில்லை. இந்த நிகழ்தகவுப் படத்தை ஒரு சித்திரம்போற் கொண்டு, அதன்மேற் சிறியதொரு நரம்பு வலையமைப்பைப் பயிற்றி, ஆறு நோக்கங்களையும் பிரித்தறியச் செய்தார்கள். சிங்களத்திலே 100 இல் 90 க்கு மேற்பட்ட கூற்றுகளும், அரை மணி நேரமே பதிவுகொண்ட தமிழிலே ஏறத்தாழ முக்காற் பங்கும் சரியாக இனங்காணப்பட்டன.

இதிலே ஒரு சூட்சுமத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இயந்திரம் இறுதியாக எழுதும் ஆங்கில எழுத்துக் கோவையை எடுத்துக்கொள்ளுவது அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், எழுத்தைத் தீர்மானிப்பதற்கு முந்திய நிலையாகிய நிகழ்தகவுகளையே எடுத்தார்கள். "காசு" என்ற சொல்லைக் கேட்ட இயந்திரம் முதலொலி, ககரத்திற்குரிய ஆங்கில எழுத்துகள் இரண்டில் எதுவென்று தடுமாறலாம். எழுதச் சொன்னால் ஒன்றை எழுதி மற்றதை மறந்துவிடும். நிகழ்தகவாகச் சொல்லச் சொன்னாலோ தன் தடுமாற்றத்தையே நமக்குத் தந்துவிடும். தமிழ் அறியாத செவியின் தடுமாற்றம் ஒவ்வொரு தமிழ் ஒலிக்கும் ஒவ்வொரு விதமாக, ஆனால் பெரும்பாலும் ஒரே சீராக, நிகழ்கின்றது. அந்தச் சீரிலிருந்தே தமிழின் பொருளை மீட்டுக்கொள்ளலாம் என்பது இவ்வாய்வின் சாரம்.

மனிதக் குழந்தையும் இவ்வாறு சுருக்கியே மொழி கற்கின்றது. ஜனெற் வேர்க்கர், றிச்சட் ரீஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் 1984 இல் வெளியிட்ட பரிசோதனை இதனைத் துலக்கமாகக் காட்டிற்று. ஆங்கிலம் பேசும் வீட்டிற் பிறந்து ஆறு முதல் எட்டு மாதமான குழந்தைகள், ஹிந்தியிலுள்ள இரு ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன: ஒன்று நாநுனி பல்லைத் தொட்டுப் பிறப்பது, மற்றது நா மடிந்து அண்ணத்தைத் தொட்டுப் பிறப்பது, நமது தகர டகரங்களுக்குரிய வேறுபாடு அது. பத்து முதற் பன்னிரண்டு மாதமாகும்போது அக்குழந்தைகளுட் பெரும்பாலனவற்றுக்கு அந்த வேறுபாடு கேட்பதில்லை. தாய்மொழிக்கு வேண்டாத பரிமாணத்தைச் செவி தள்ளிவிடுகின்றது. அப்படித் தள்ளுவதனாலேயே தாய்மொழியை அவ்வளவு விரைவிற் கற்கின்றது. ஆங்கிலப் பேச்சுணரியும் இவ்விதம் தன் முதலாண்டைக் கடந்துவிட்ட ஆங்கிலக் குழந்தையாகும்.

எனவே அது நம்மிடமிருந்து எதைத் தள்ளுகின்றது என்பதை நாம் கவனித்தே ஆகவேண்டும். பத்து, பற்று, பட்டு என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இவை மூன்றும் மூவிடத்திற் பிறக்கின்றன: முதலாவது பல்லில், இரண்டாவது பல்லுக்கு மேலுள்ள ஈறில், மூன்றாவது அண்ணத்தில். தமிழகத்தின் பல பகுதிகளிலே பேச்சுவழக்கில் இரண்டாவது முதலாவதோடு கலந்துவிட்டது. ஈழத்திலே அது இன்றும் தனித்து வாழ்கின்றது. ஆங்கிலத்திலோ இவ்விடத்திற்கு ஒரே ஓர் ஒலி. அதுவும் நடுவிலுள்ள நமது றகர இரட்டையின் இடத்திலே பிறப்பது. நம்மவர்கள் நெடுங்காலமாக ரொறன்ரோ என்று எழுதிவருவது இந்தச் செவியுணர்வின் விளைவே. ஆங்கிலச் செவி மூன்றையும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். வங்கிக் கணக்கிலே பற்று என்பது ஒரு கணக்குப் பதிவு, பத்து என்பது ஒரு தொகை. அவ்விரண்டும் ஒன்றாய்க் கேட்கும் செவியிடம் நம் பெரியவரின் பணத்தை ஒப்படைக்கும்போது நாம் அறிந்தே ஒப்படைக்க வேண்டும். குறில் நெடிலிலும், நகர ணகரங்களிலும், லகர ளகர ழகரங்களிலும் இதுபோன்ற இழப்புகள் உண்டு. ஆறு நோக்கங்களைப் பிரிப்பதற்கு அவை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதனாலேயே ஆய்வு வெற்றி பெற்றது. நாளை தொகையையும் பெயரையும் ஊரையும் கேட்டறிய முற்படும்போது அவை தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தையிலே வளர்ந்த இளைஞர் ஒருவர், "பேலன்ஸ் செக் பண்ணணும்" என்று பேசினால், அந்த வாக்கியத்தின் பெரும்பகுதி ஆங்கிலச் செவிக்குப் பழகிய ஒலியாகவே போய்ச்சேரும். மன்னாரிலோ மூதூரிலோ ஹற்றன் தோட்டமொன்றிலோ இருந்து பேசும் மூதாட்டி, "மிச்சம் எவ்வளவு" என்று கேட்டால் அந்த அனுகூலம் இல்லை. இரவல் தந்தவரின் மொழிக்கு எவர் கிட்டியவரோ அவருக்கு இயந்திரம் நன்றாகக் கேட்கும். தூர நின்றவருக்கு மந்தமாகக் கேட்கும். இது எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்வதன்று; சுருக்கும் திசைகளை எவருடைய பேச்சு தீர்மானித்ததோ, அதனால் தானாகவே நேர்வது. ஆயினும் அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் ஏற்கெனவே வங்கிக்கு எட்டாத தூரத்தில் இருப்பவர்களே என்பதை எண்ணும்போது என் மனம் அமைதி கொள்ளவில்லை.

இரவல் வாங்குவதே தவறு என்று இதனால் எவரும் முடிவுகட்டவேண்டாம். நாம் கூடியிருக்கும் இந்தக் கொம்பனித்தெருவிலே, ஜாவா லேனைச் சூழ்ந்து வாழும் மலாய் மக்களின் வீட்டு மொழியைக் கேட்டுப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்திலே படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் வந்த அவர்களின் சந்ததியார், சொற்களை மலாயிலிருந்தே வைத்துக்கொண்டு, வினையை வாக்கியத்தின் இறுதியில் நிறுத்துவதையும், பெயருக்குப் பின்னே வேற்றுமை உருபை ஒட்டுவதையும் தமிழ் சிங்களச் சூழலிலிருந்து பெற்றுக்கொண்டார்கள் என்று மொழியியலார் காட்டியிருக்கின்றனர். அவர்கள் பெற்றது அண்டை வீட்டு இலக்கணம். நாள்தோறும் காதில் விழுந்த இலக்கணம். ஆகவே அது அவர்களுக்குப் பொருந்திற்று. இயந்திரத்திற்கும் யாரிடம் இரவல் வாங்குவது என்பதே பிரதானமான கேள்வி. உறவில்லாத பணியிடமிருந்து பெற்ற அறிவு உதவாததோடு, சில வேளைகளில் ஒன்றும் பெறாததிலும் கீழான விளைவையும் தந்துவிடும் என்பது இத்துறையார் நன்கறிந்த உண்மை. தமிழுக்கு இரவல் தருவதற்கு மலையாளத்தைப் போல் உரிய மொழி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பல், ஈறு, அண்ணம் என்ற மூவிட ஒலிகளையும் அது தெளிவாகப் பேணி வருகின்றது, ழகரத்தையும் வைத்திருக்கின்றது. 2020 இலே ஃபேஸ்புக் நிறுவனத்து ஆய்வாளர் 53 மொழிகளின் பேச்சை, எழுத்துப் பெயர்ப்பு இல்லாமலே, ஒருங்கே கேட்கவைத்து ஒரு பேச்சு மாதிரியைப் பயிற்றி வெளியிட்டார்கள். ஒரே மொழியின் செவியைவிடப் பல மொழிகளின் செவி, தள்ளவேண்டியதையும் பேணவேண்டியதையும் தீர்மானிப்பதில் நிதானமாக இருக்கும் என்பது இயல்பே. மொறட்டுவை ஆய்வாளரும் 2019 இலேயே, ஆங்கில எழுத்துகளை விட்டு ஆங்கில ஒலியன்களை ஆதாரமாகக் கொண்ட இன்னோர் ஆய்வை வெளியிட்டுவிட்டனர்.

எந்த மொழியிடம் இரவல் வாங்கினாலும், அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு நம்முடைய பேச்சு நம் கையில் இருந்தாகவேண்டும். 400 கூற்றுகள் ஒரு தொடக்கம். அதற்காக அந்த ஆய்வாளருக்கும், தம் குரலைக் கொடுத்தவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த தொகுதி எவ்வாறு அமையவேண்டும் என்பது பற்றிச் சிலவற்றைக் கூறுகிறேன். பல்கலைக்கழக மாணவரின் குரலோடு நில்லாமல், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலையகம், முஸ்லிம்களின் தமிழ், கொழும்புத் தமிழ் என்ற ஒவ்வொன்றிலும் முதியோர் குரலும் பெண்கள் குரலும் தனித்தனியே இடம்பெறவேண்டும். குரல் கொடுப்பவரிடம், அது எதற்குப் பயன்படும் என்று அவருக்கு விளங்கும் தமிழிலே சொல்லி, சம்மதம் பெறவேண்டும். எழுதிக்கொடுத்த வாக்கியத்தை வாசிக்கச் சொல்வதிலும், ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லி அவர் வாய்க்கு வந்தபடி கேட்கவிடுவதே நல்லது. வாசிக்கும்போது எவரும் "கிடக்கு" என்று சொல்லமாட்டார். பத்து, பற்று, பட்டு போன்ற சொற்கள் வரும் கூற்றுகளைப் பயிற்சியிற் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, இரவற் செவி எங்கே தவறுகின்றது என்பதை அவற்றைக்கொண்டே அளக்கவேண்டும். பதிவை அமைதியான அறையிலே நல்ல ஒலிவாங்கியில் மட்டும் எடுத்துவிட்டு இருந்துவிடவும் கூடாது: சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஒலியை விநாடிக்கு 8,000 தடவையே அளக்கின்றது; 16,000 தடவை அளந்த ஒலியிற் பழகிய செவிக்கு, அந்த ஒலியின் அதிர்வெண்களில் மேற்பாதி வந்து சேர்வதேயில்லை. பல்லிலும் ஈறிலும் அண்ணத்திலும் பிறக்கும் ஒலிகளை வேறுபடுத்தும் அடையாளங்களிற் சில அந்த மேற்பாதியிலேயே இருக்கின்றன. ஆகையால் ஒவ்வொருவரிடமும் ஒரே கூற்றை இரு தடவை, ஒலிவாங்கியில் ஒன்றும் தொலைபேசி வழியே ஒன்றுமாகப் பதிவுசெய்து, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும்.